டிராக்டரின் வாட்டர் பம்பை மாற்றும் முறை

(சித்தேரியில் உழவர்களிடையே ஆற்றிய உரை)



நான் உழவியல் ஆசிரியன். சாமையைப் பற்றிப் பேச வேண்டியவன் வாட்டர் பம்பைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். மானாவாரி நிலத்தில் மழைக்குப் பின் விதைப்புக்கேற்ற ஈரம் சில நாட்களே நிற்கும். அந்த நாட்களில் டிராக்டர் நின்றுவிட்டால் நல்ல விதை கையில் இருந்தும் பயனில்லை. இங்கிருந்து மெக்கானிக்கைத் தேடி மலையிறங்கி அரூருக்குச் செல்ல வேண்டும். எனவே இந்த வேலையை நீங்களே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இஞ்சினையும் ரேடியேட்டரையும் சுற்றித் தண்ணீரை ஓடச் செய்வது வாட்டர் பம்பு. அது பழுதானால் சில அறிகுறிகள் தெரியும். பம்பின் அடியிலுள்ள சிறு துளை வழியே தண்ணீர் சொட்டும். இஞ்சினை நிறுத்தி விசிறியைப் பிடித்து ஆட்டினால் தண்டு ஆடும். பேரிங் இரையும். சூடு காட்டும் முள் ஏறும். இவற்றைக் கண்டும் ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளையும், பிஸ்டன் இறுகும். சில நூறு ரூபாய்ச் செலவு பல ஆயிரம் ஆகிவிடும்.

பம்பின் தண்டில் ஹப் இறுக்கமாக அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். பழுது பார்க்கும்போதும், ஹப் இல்லாத புதிய பம்பை வாங்கும்போதும் இதைக் கழற்றியாக வேண்டும். இங்கேதான் பலர் சுத்தியலை எடுக்கிறார்கள். என் தந்தையாரும் அப்படித்தான் செய்தார். சுத்தியலை எடுத்துக் கொடுத்தவன் நான். ஹப் கழன்றது. புதிய சீலும் பேரிங்கும் போட்டுப் பொருத்தித் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வார்ப்பிரும்புக் கூட்டில் மயிரிழை போன்ற வெடிப்பு தெரிந்தது. வேறு பம்பு வந்து சேர்வதற்குள் நிலக்கடலை விதைக்க வேண்டிய ஈரம் காய்ந்துவிட்டது.

இதற்கென்றே உள்ள கருவி புல்லர். இரண்டு அல்லது மூன்று கொக்கிக் கால்களும், நடுவே ஒரு திருகாணியும் கொண்டது. திருகாணியை ஒரு சுற்றுச் சுற்றினால் 2 மில்லிமீட்டர் நகரும் என்று வைத்துக்கொள்வோம். 20 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் முனையை 10 கிலோ விசையுடன் சுற்றினால், கணக்குப்படி 6,000 கிலோவுக்கு மேல் இழுவிசை வர வேண்டும். உராய்வு போகப் பத்தில் ஒரு பங்கே மிஞ்சினாலும் அது 600 கிலோ. அடியில்லை, அதிர்ச்சியில்லை, நேராக இழுக்கும்.

இனி, செய்முறையைக் கூறுகிறேன்.

1. இஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும். அழுத்தத்தில் உள்ள தண்ணீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும்; மூடியைத் திறந்தவுடன் ஆவியாகச் சீறி முகத்தைப் பொசுக்கிவிடும்.

2. பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றவும். தண்ணீரைப் பாத்திரத்தில் வடிக்கவும். கூலன்ட் கலந்திருந்தால் அது இனிப்பான நஞ்சு. குழந்தைகள், ஆடு, நாய் அணுகாமல் மூடி வையுங்கள்.

3. ஃபேன் பெல்ட், விசிறி, குழாய் ஆகியவற்றைக் கழற்றி, பம்பின் போல்ட்டுகளை எடுத்துப் பம்பை வெளியே எடுக்கவும். ஹப்பின் முகத்திலிருந்து பம்பின் கூடு வரை உள்ள இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ளவும்.

4. ஹப் ஆணிகளால் மட்டும் பொருத்தப்பட்டதா என்று பாருங்கள். அப்படியானால் புல்லர் தேவையில்லை. முன்னால் நட்டு இருந்தால் முதலில் அதைக் கழற்றவும்.

5. புல்லரின் கால்கள் ஹப்பின் பின்புறத்தைச் சமமாகப் பற்ற வேண்டும். மெல்லிய விளிம்பில் மாட்டினால் விளிம்பு உடையும். திருகாணியின் முனை தண்டின் நடுவில் நேராக நிற்கட்டும். திருகுக்குக் கிரீஸ் தடவி, கால் சுற்றாகச் சுற்றவும். அசையாவிட்டால் துரு இளக்கும் எண்ணெய் விட்டுச் சிறிது நேரம் பொறுக்கவும். கருவிக்கு நேர் எதிரே முகத்தை வைக்காதீர்கள்.

6. ஹப்பை மீண்டும் பொருத்தும்போதும் அடிக்காதீர்கள். அடித்தால் புதிய பேரிங்கும் சீலும் கெடும். பட்டறையில் பிரஸ் கொண்டு, குறித்து வைத்த அளவுக்கு அழுத்தச் செய்யுங்கள்.

7. பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி நீக்கி, புதியதை வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராகச் சமமாக இறுக்கவும். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 1 முதல் 1.5 சென்டிமீட்டர் தாழ வேண்டும். கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றவும்.

8. உப்பு நீர் உள்ளே படிவு கட்டும். ஆகவே, நல்ல நீரும் கையேடு கூறும் கூலன்ட்டும் ஊற்றவும். இஞ்சினை ஓட்டிக் கசிவு பார்த்து, ஆறியபின் குறைந்த அளவை நிரப்பவும்.

மலையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்திற்கும் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ 1 டிகிரி குறையும். ஆகவே ரேடியேட்டர் மூடியின் ரப்பர் கெட்டிருந்தால் இங்கே விரைவில் கொதித்துவிடும். பம்பு மாற்றும்போது மூடியையும் பாருங்கள்.

கார், வேன் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை. சில கார்களில் வாட்டர் பம்பைச் சுழற்றுவது டைமிங் பெல்ட். அது சில பற்கள் தவறினாலே வால்வு பிஸ்டனில் இடிக்கலாம். அதற்கான பூட்டும் கருவி வேறு. அந்த வேலையைப் பட்டறைக்கே விடுங்கள்.

புல்லர் ஆண்டுக்கு ஓரிரு முறையே பயன்படும். ஆகவே ஐந்தாறு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி, எண்ணெய் தடவி ஒருவர் வீட்டில் வைத்திருக்கலாம். விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே, விசிறியை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். பழுது இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பருவத்தே பயிர் செய்து பயன்பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.