விரித்த கையும் விரையும் விரலும்

(உத்திரமேரூரில் தோழர்களிடையே நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



கைப்பேசியைப் பற்றிப் பேசுமாறு எனக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். கட்சி மேடையிலே கைப்பேசியா என்று சிலர் கேட்கக்கூடும். விலைவாசி இருக்கிறது, வேலையில்லாத் திண்டாட்டம் இருக்கிறது, அவற்றை விட்டுவிட்டு இதுவா பேச்சு என்று முணுமுணுக்கவும் கூடும். ஆனால் எண்ணிப் பாருங்கள் தோழர்களே! விலைவாசியைப் பற்றித் தாய்மார்கள் கொள்ளும் கருத்தும், வேலையைப் பற்றி இளைஞர்கள் கொள்ளும் கருத்தும், ஏன், நம்மைப் பற்றி ஊரார் கொள்ளும் கருத்தும் இன்று எங்கே உருவாகின்றன? மேடையிலா? ஏட்டிலா? பெரும்பகுதி, உள்ளங்கை அகலமுள்ள அந்தக் கண்ணாடியிலே உருவாகின்றன. கருத்து உருவாகும் இடம் எதுவோ, அதுவே அரசியல் நடக்கும் இடம். அங்கே நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைப் பேசாமல் வேறெதைப் பேசுவது?

அதிலும் இந்த ஊரிலே பேசுவதற்கு ஒரு பொருத்தம் உண்டு. உத்திரமேரூர் என்றதும் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரிலே வெட்டப்பட்டிருக்கும் கல்வெட்டுகளை உலகம் நினைக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தவை. 919-ஆம் ஆண்டையும் 921-ஆம் ஆண்டையும் சேர்ந்தவை. 30 குடும்புகளாக ஊரைப் பிரித்து, குடவோலை எடுத்து, ஏரி வாரியத்திற்கு 6 பேர், தோட்ட வாரியத்திற்கு 12 பேர், ஆண்டு வாரியத்திற்கு 12 பேர் என்று தேர்ந்தெடுத்த முறையை அவை கூறுகின்றன. அதைச் சொல்லிச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம். பெருமையிலே பாதியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் எண்ணம்! அது சதுர்வேதிமங்கலத்துச் சபை. நிலமும் மனையும் உடையவருக்கு, வேதம் பயின்றவருக்கு, அங்கே இடம். உழுதவனுக்கு இடமில்லை, பெண்ணுக்கு இடமில்லை, சேரியிலே வாழ்ந்தவன் அந்த ஓலையைத் தொட்டும் பார்த்திருக்க மாட்டான். இதை மறைத்துவிட்டு, ஆயிரம் ஆண்டுக்கு முன்பே முழு மக்களாட்சி கண்டோம் என்று மார்தட்டுவது, நான் இன்று பேச வந்த நோயின் வகைகளிலே ஒன்று.

ஆயினும் மீதிப் பாதிப் பெருமை உண்மையானது. அது எதிலே இருக்கிறது தெரியுமா? ஓர் ஓலையை அவர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதிலே! இளையோர் முதியோர் எல்லோரும் கூடியிருக்க வேண்டும். கோவில் நம்பிமார் அனைவரும் மண்டபத்திலே இருக்க வேண்டும். அவர்களிலே மூத்தவர் ஒருவர், குடத்தை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்தி, தாம் மேலே நோக்கியபடி நிற்க வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிறவன் மத்தியஸ்தன். எப்படி வாங்க வேண்டும்? ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையிலே ஏற்க வேண்டும்! மூடிய கையாலே வாங்கினால் ஓலை மாறிவிடக்கூடும் என்ற ஐயம் அன்றைக்கே இருந்திருக்கிறது. அவன் படிக்க வேண்டும். அவன் படித்தது போதாது. அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதையே வாங்கிப் படிக்க வேண்டும். அதன் பிறகே பெயரை எழுதிக்கொள்வார்கள்.

ஒரு துண்டு ஓலை. ஒரே ஒரு பெயர். அதற்கு எத்தனை கண்கள்! இன்று நம் தோழர் ஒருவர் காலையிலே தேநீர் ஆறுவதற்குள் பதினைந்து செய்திகளை ஐந்து குழுக்களுக்குத் தள்ளிவிடுகிறாரே, அவற்றிலே எத்தனையைத் தாமே முழுவதும் படித்திருப்பார்? விரித்த கையாலே வாங்கிய ஊரிலே, விரையும் விரலாலே விட்டெறிகிறோம்!

விட்டெறிந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் அத்திமூரை நினைக்க வேண்டும். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்திலே, போளூருக்கு அருகே உள்ள சிற்றூர். 2018-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோவிலுக்குக் காரிலே வந்தது. வழி தெரியவில்லை, நிறுத்தி விசாரித்தார்கள். அவர்களிலே 65 வயது மூதாட்டி ஒருவர், அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். குழந்தையைக் கண்டால் கையில் இருப்பதைக் கொடுப்பது தமிழ்நாட்டுப் பாட்டிமார் எல்லோரும் செய்வது. ஆனால் அந்த நாட்களிலே, பிள்ளை பிடிக்கும் கூட்டம் வடநாட்டிலிருந்து வந்து இறங்கியிருக்கிறது என்ற செய்தி கைப்பேசி கைப்பேசியாகப் பாய்ந்துகொண்டிருந்தது. சாக்லெட் கொடுத்த கை, பிள்ளை பிடிக்கும் கையாகத் தெரிந்தது. கூட்டம் கூடியது. அந்த மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் படுகாயமுற்றனர். அதே மே மாதத்திலே பழவேற்காட்டிலே, இன்னாரென்று ஊராருக்குத் தெரியாத ஒருவரைக் கொன்று பாலத்திலே தொங்கவிட்டார்கள். ஜூலை முதல் நாள் மராட்டிய மாநிலம் துலே மாவட்டத்திலே, ரெயின்பாடா என்னும் ஊரிலே, ஊர் ஊராகச் சென்று பிழைக்கும் நாடோடி மக்கள் ஐவர் ஒரே நாளிலே கொல்லப்பட்டார்கள்.

அடித்தவர்கள் எல்லாம் கொலைகாரப் பரம்பரையா தோழர்களே? இல்லை. பிள்ளை பெற்றவர்கள். தம் பிள்ளைகளைக் காப்பதாக எண்ணிக்கொண்டு கிளம்பியவர்கள். அச்செய்தியை அனுப்பியவர்களும் ஊருக்கு நன்மை செய்வதாகவே எண்ணினார்கள். என் மனத்தை உறுத்துவது இதுதான். கெட்டவன் பரப்பிய பொய்யைக் காட்டிலும், நல்லவன் நன்மையென்று பரப்பிய பொய் நெடுந்தூரம் போகிறது. ஏனெனில் அவன் சொல்லை ஊர் நம்புகிறது.

அந்த ஆண்டு நாடெங்கும் சுற்றிய காணொலிகளிலே ஒன்றின் வரலாற்றைக் கேளுங்கள். மோட்டார் சைக்கிளிலே வரும் இருவர், தெருவிலே விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பார்த்தவர் நெஞ்சு பதறும். உண்மையிலே அது பாகிஸ்தானிலே, கராச்சி நகரிலே, குழந்தைகளின் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம்! முழுப் படத்திலே அந்த இருவரும் திரும்பி வருகிறார்கள், சிறுவனை இறக்கிவிடுகிறார்கள், பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று ஓர் அட்டையை விரித்துக் காட்டுகிறார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டினார்கள். புதிதாக ஒரு பொய்யையும் சேர்க்கவில்லை, வெட்டியது மட்டுமே! குழந்தையைக் காக்க எடுத்த படம், மனிதரைக் கொல்லும் படமாக மாறிவிட்டது. ஆகவே, கண்ணாலே பார்த்தேன் என்பது இனிமேல் சாட்சியாகாது. எது வெட்டப்பட்டிருக்கிறது என்று கேட்கத் தெரிந்தவனே பார்த்தவன்.

2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இன்னொன்று நடந்தது. தமிழ்நாட்டிலே பீகார்த் தொழிலாளரை வெட்டுகிறார்கள், குத்துகிறார்கள் என்று காணொலிகள் வடக்கே பரவின. அவற்றிலே சில, வேறு இடங்களிலே வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகளின் படங்கள். ஒன்று இராஜஸ்தானத்து ஜோத்பூரிலே நடந்த கொலை! திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் அஞ்சி நடுங்கினார்கள், மூட்டை கட்டினார்கள். அவர்தம் தாய்மார்கள் ஊரிலிருந்து அழுதபடி அழைத்தார்கள். பீகார் அரசே ஒரு குழுவை இங்கே அனுப்பிப் பார்த்தது. தாக்குதல் கதை பொய்யென்று தெளிந்தது.

இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். 2018-லே, வடநாட்டான் வருகிறான் உன் பிள்ளையைப் பிடிக்க என்று தமிழனுக்குச் சொன்னது பொய். 2023-லே, தமிழன் வருகிறான் உன் உயிரைப் பறிக்க என்று வடநாட்டுத் தொழிலாளிக்குச் சொன்னது பொய். இடம் மாறியது, மொழி மாறியது, சரக்கு மாறவில்லை! முகம் தெரியாத ஏழை ஒருவனைக் காட்டி இன்னொரு ஏழையை அஞ்சவைப்பதே அதன் தொழில். நம் மாவட்டத்திலே, ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஆயிரக்கணக்கிலே வெளி மாநிலத்தார் பாடுபடுகிறார்கள். அடுத்த பொய் நம் வாசலுக்கு வர நெடுந்தூரம் நடக்க வேண்டியதில்லை.

பொய் பரப்புதல் முன்பு இல்லையா என்றால், இருந்தது. இந்த அட்டையைப் போல் இத்தனை அட்டை எழுதி அனுப்பினால் செல்வம் வரும், அனுப்பாவிட்டால் கேடு வரும் என்று அஞ்சலட்டைகள் வந்த காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அதற்குக் கைவலிக்க எழுத வேண்டும். அட்டைக்குக் காசு வேண்டும். அந்தக் கைவலியே ஒரு காவலனாக நின்றது! பாதியிலே, இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று பேனாவை மூடியவர் பலர். இப்போது கைவலி இல்லை. 2018 ஜூலையிலே, மேலே சொன்ன கொலைகளுக்குப் பிறகு, வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவிலே ஒரு செய்தியை ஒரே வேளையிலே ஐந்து இடத்திற்கு மேல் தள்ள முடியாதபடி செய்தது. 2020-லே, பல கை மாறி வந்த செய்தியை ஒரு வேளைக்கு ஓரிடத்திற்கு மட்டுமே என்று இறுக்கியது. எங்கோ இருக்கும் வணிக நிறுவனம் நம் விரலைக் கட்டிவைக்க வேண்டிய நிலை! அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நம் இயக்கங்கள் வளர்ந்தது படிப்பகங்களிலே. முடிதிருத்தும் கடையிலே, தேநீர்க் கடையிலே, ஒருவர் ஏட்டை உரக்கப் படிப்பார். எழுத்தறியாத பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். கேட்டதோடு நிற்பார்களா? இது எந்த ஊரிலே நடந்தது, யார் சொன்னது என்று குறுக்கே கேள்வி போடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கேள்வி கேட்டார்கள். பட்டம் பெற்ற நாம் ஒவ்வொருவரும் தனித்தனியே, போர்வைக்குள்ளே, கேள்வியின்றி விழுங்குகிறோம்.

இனி, கசப்பான பகுதிக்கு வருகிறேன். ஒரு நடிகர், முன்னாள் சட்டமன்ற உறுப்பினர். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தி யாரோ எழுதியதை 2018 ஏப்ரலிலே முகநூலிலே பகிர்ந்தார். சரியாகப் படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார். சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒன்றைப் பகிர்வது அதை ஒப்புக்கொள்வதற்குச் சமம் என்று அவ்வாண்டு மே மாதமே கூறிவிட்டது. உச்ச நீதிமன்றம் வரை போனார், பயனில்லை. 2024 பிப்ரவரியிலே ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் தண்டமும் என்று தீர்ப்பாயிற்று. 2025 தொடக்கத்திலே உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

கைதட்ட வேண்டாம் தோழர்களே! அவர் மாற்று முகாமிலே இருந்தவர் என்பதாலே கைதட்டுகிறீர்கள். அந்த அளவுகோலை நம் வீட்டிலே வைத்துப் பார்த்தீர்களா? எதிர்க்கட்சியிலே ஒரு பெண் மேடையேறினால், அவர் பேசிய கொள்கைக்கு நாம் பதில் சொல்கிறோமா, அவர் உடையையும் குடும்பத்தையும் பற்றிப் படம் போடுகிறோமா? நம் பக்கத்திலே ஒரு தங்கை அரசியல் பேச முகநூலிலே கணக்குத் தொடங்கி, இரண்டே வாரத்திலே வசை தாங்காமல் மூடிவிட்டுப் போகும்போது, போகட்டும் என்று இருக்கிறோமா, இல்லையா? பெண்ணடிமை தீர்ப்போம் என்று பகலிலே சுவரெழுத்து எழுதியவன், இரவிலே பெண்ணை இழிவாக எழுதினால், எதிரிக்கு வேறு ஆயுதம் எதற்கு?

சட்டத்தாலே அடக்கிவிடலாமே என்பாரும் உண்டு. அந்த வழியிலே நான் அஞ்சி அஞ்சித்தான் அடியெடுத்து வைப்பேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலே 66-ஏ என்றொரு பிரிவு இருந்தது. 2012-லே மராட்டியத்துப் பால்கரிலே, ஒரு தலைவர் மறைவுக்காக நகரம் முழுதும் கடையடைப்பா என்று முகநூலிலே கேட்ட இளம் பெண்ணும், அதை விரும்பியதாகக் குறியிட்ட தோழியும் கைது செய்யப்பட்டார்கள். 2015 மார்ச் 24-லே உச்ச நீதிமன்றம் 66-ஏ பிரிவையே வெட்டி எறிந்தது. எது பொய் என்று தானே தீர்ப்பளிக்கும் உரிமையை மைய அரசு 2023-லே விதியாக எழுதிக்கொண்டது. 2024 செப்டம்பரிலே பம்பாய் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதாக்கியது. ஆளுகிறவன் கையிலே வாய்ப்பூட்டைக் கொடுத்தால், முதலிலே பூட்டப்படுவது ஏழை சொல் பேசுகிறவனின் வாயே. ஆனால் ஒவ்வோர் அத்திமூரும் அந்தப் பூட்டுக்கு ஒரு சாக்கு! நம் விரலை நாமே அடக்கவில்லையானால், சாக்கைத் தேடி அலைய வேண்டிய வேலை ஆளுகிறவனுக்கு இல்லை.

ஆகவே கிளைத் தோழர்களுக்குச் சில சொல்கிறேன். ஒரு செய்தி உங்களுக்கு மிகவும் இனிக்கிறதா? எதிரியின் முகத்திரை கிழிந்தது என்று துள்ளத் தோன்றுகிறதா? அதையே முதலிலே ஐயப்படுங்கள். கசப்பான பொய்யை நாம் தானாகவே துப்பிவிடுவோம், இனிப்பான பொய்தான் தொண்டைக்குள் போகும். படத்திலே உள்ள வண்டியின் எண்ணைப் பாருங்கள், கடைப் பலகையின் மொழியைப் பாருங்கள், ஊர் புரியும். அயலார் ஒருவரைப் பற்றி ஐயமா? 112-ஐ அழையுங்கள், குழுவிலே போடாதீர்கள். பொய்யொன்று உங்கள் கையாலே போய்விட்டதென்றால், சத்தமில்லாமல் அழித்துவிட்டு நழுவாதீர்கள். எந்தக் குழுவுக்குப் பொய் போயிற்றோ அந்தக் குழுவுக்கே மறுப்பும் போக வேண்டும். வீட்டிலே முதியவர் அறியாமல் அனுப்பினால் குழுவிலே எல்லோர் முன்னும் குத்திக்காட்டாதீர்கள். தனியே அழைத்து, அருகிலே அமர்ந்து சொல்லுங்கள். குழு நடத்தும் தோழர், வசையை நீக்குவதற்கு மேலிடத்து அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

நம் படிப்பகத்திலே வாரத்திற்கு ஒரு மாலை, அந்த வாரம் வந்த செய்திகளிலே ஐந்தை எடுத்து, உரக்கப் படித்து, ஊரார் கேள்வி கேட்க விட வேண்டும் என்று செயலாளரிடம் கேட்டிருந்தேன், ஒப்புக்கொண்டிருக்கிறார். எதிர்க்கட்சித் தோழர்களையும் அழைக்கலாம் என்பது என் விருப்பம். அதிலே அவருக்குச் சிறிது தயக்கம்! அதை அவரோடு பேசித் தீர்த்துக்கொள்கிறேன். வரும் ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் தொடங்குகிறோம்; கைப்பேசியோடு வாருங்கள்.