மின்னஞ்சலுக்கும் ஒரு ஜமாபந்தி

(செஞ்சியில் ஊராட்சி உறுப்பினர்களிடையே நிகழ்த்திய பேச்சு)



ராஜகிரியின் அடிவாரத்தில் நிற்கும் பெரிய நெற்களஞ்சியத்தை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அம்மலையின் உச்சியிலும் களஞ்சியங்கள் உண்டு, கிருஷ்ணகிரியிலும் உண்டு. தானியம் முழுவதையும் ஓரிடத்தில் வைத்துவிட்டு நிம்மதியாக இருத்தல் ஆகாது என்பதை இக்கோட்டை நமக்கு உணர்த்துகிறது. இன்று ஊராட்சிக்குத் தானியம் போன்றவை அதன் கடிதங்கள். வேலை மதிப்பீடுகள், அனுமதி ஆணைகள், தீர்மான நகல்கள் ஆகியவை மின்னஞ்சலில் வருகின்றன, போகின்றன. அவை எங்கே இருக்கின்றன என்பதை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

எல்லாம் அலுவலகக் கணினியிலேயே இருப்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் மூலம் இருப்பது சர்வர் எனப்படும் தொலைவிலுள்ள கணினியில். தண்டர்பேர்டு போன்ற செயலி நமது மேசைக் கணினியில் வைத்திருப்பது அதன் படியே. மூலமும் படியும் ஒத்திருக்கச் செய்யும் முறைக்கு ஐமேப் என்று பெயர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் என்பவர் 1986-ஆம் ஆண்டில் இதனை வகுத்தார்.

ஜமாபந்தி நமக்குப் புதிதன்று. ஆண்டுதோறும் கிராமக் கணக்குகள் வட்ட அளவில் தணிக்கை செய்யப்படுகின்றன. ஐமேப் முறையில் இத்தகைய ஒப்பீடு சில நிமிடங்களுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. ஒவ்வொரு கோப்புறையிலும் சேரும் மடலுக்குச் சர்வர் ஓர் எண் இடுகிறது. எண்கள் ஏறுமுகமாகவே செல்லும். நீக்கிய மடலின் எண் வேறொன்றுக்குத் தரப்படுவதில்லை. இணைப்பு அறுந்து மீண்டதும், இடையில் நாம் செய்த மாற்றங்களைச் செயலி சர்வருக்குத் தெரிவிக்கிறது. பின்னர், தன்னிடம் 240-ஆம் எண் வரை இருந்தால், அதற்கு மேற்பட்டவற்றைக் கேட்டுப் பெறுகிறது. பழைய எண்களையும் சரிபார்த்து, படித்தது, பதில் அனுப்பியது என்னும் குறிகளைத் திருத்திக்கொள்கிறது. சர்வரில் இல்லாத எண் தன்னிடம் இருப்பின், அம்மடலைத் தன் படியிலிருந்தும் எடுத்துவிடுகிறது.

இக்கடைசிச் செயலில்தான் நாம் விழிப்புடன் இருக்க வேண்டும். கைப்பேசியில் இடம் போதவில்லை என்று ஒருவர் ஊராட்சியின் பழைய மடல்களை அதில் நீக்குவதாக வைத்துக்கொள்வோம். அலுவலகக் கணினியில் அவை பத்திரமாக இருக்கும் என்று அவர் நம்புவார். அடுத்த ஒப்பீட்டில் அங்கும் அவை மறைந்துவிடும். குப்பைக் கோப்புறையில் சில காலம் தங்கலாம். அதுவும் காலியான பின், தணிக்கை அலுவலர் கேட்கும் ஆணைக்கு நாம் எதைக் காட்டுவோம்? ஒத்திசைவு என்பது இரண்டு களஞ்சியங்கள் அன்று. ஒரே களஞ்சியத்துக்கு இரண்டு வாயில்கள்.

பாப் என்னும் மற்றொரு முறையும் உண்டு. அதில் மடல்கள் நம் கணினிக்கு இறங்குகின்றன. அமைப்பைப் பொறுத்துச் சர்வரிலிருந்து நீங்கியும் விடலாம். பின்னர் அக்கணினி பழுதடைந்தால் எல்லாம் போயிற்று. ஆதலின் நமது அலுவலகத்தில் எம்முறை அமைந்துள்ளது என்பதை முதற்கண் கேட்டறிய வேண்டும்.

அடுத்து, மடலின் தலைப்பை மட்டுமன்றி முழு மடலையும் கணினியில் வைக்குமாறு செயலியை அமைத்தல் வேண்டும். முக்கியமான மடல்களை மாதந்தோறும், சர்வரோடு ஒப்பிடப்படாத உள்ளூர்க் கோப்புறை ஒன்றில் படியெடுத்து வைக்க வேண்டும். படியெடுத்தல் வேறு, நகர்த்துதல் வேறு. நகர்த்தினால் சர்வரில் மூலம் இராது. அக்கோப்புறையின் நகலைத் தனி வன்தட்டில் ஏற்றி, அலுவலகப் பெட்டகத்தில் பூட்டி வைத்தல் நலம். மிக முக்கியமான ஆணைகளை அச்சிட்டுக் கோப்பில் சேர்த்தலும் வேண்டும்.

இவை பெருஞ்செலவு கோரும் காரியங்கள் அல்ல; ஒழுங்கு ஒன்றே தேவை. தலைவர்கள் மாறுவர், செயலர்கள் மாறுவர், கணினிகளும் மாறும். ஊராட்சியின் கடிதங்களோ ஊராரின் சொத்து. மாதந்தோறும் நடைபெறும் மன்றக் கூட்டத்தில், "இம்மாதப் படி எடுத்தாயிற்றா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டால் போதும். நமது இரண்டாவது களஞ்சியத்தை நாமே கட்டிக்கொள்வோமாக.