மருந்தை வெளியே தள்ளும் கிருமி
(அறக்கட்டளையின் மருத்துவ முகாமில் செயலாளர் ஆற்றிய உரை)



கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே, தாய்மார்களே, ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தம்பிமார்களே!

ஒரு ஷிப்ட் போனால் சம்பளம் போகும். அதனால் காய்ச்சல் வந்ததும் மெடிக்கலில் இரண்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிற பிள்ளைகளைப் பார்க்கிறோம். மீதி மாத்திரை அறைத் தோழருக்குப் போகிறது. இதிலுள்ள ஆபத்தைச் சொல்லவே இந்தச் சில நிமிடங்கள்.

மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் மோட்டார் வைத்து இறைக்கிறோம் அல்லவா? கிருமியின் மேலுறையிலும் அப்படிப்பட்ட பம்ப் உண்டு. உள்ளே நுழைந்த மருந்தை அது வெளியே தள்ளிவிடும். ஈ.கோலை கிருமி டெட்ராசைக்ளின் மருந்தை இவ்வாறு வெளியேற்றுவதை அமெரிக்காவில் லாரா மெக்மரி, ஸ்டூவர்ட் லெவி குழுவினர் 1980-இல் எடுத்துக்காட்டினார்கள். ஒரே பம்ப் பல வகை மருந்துகளைத் தள்ளுவதும் உண்டு.

தண்ணீர் கொஞ்சமாக வந்தால் மோட்டார் சமாளித்துவிடும். மருந்து அரைகுறையாகப் போனாலும் அதே கதைதான். பிழைத்த கிருமி பெருகுகிறது. மருந்துக்கு அசையாத வேறு மாற்றங்களைப் பெறவும் அதற்கு அவகாசம் கிடைக்கிறது.

காசநோய்க் கிருமியிலும் இந்தப் பம்புகள் உண்டு. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகுக்குக் காட்டியது. ஆனால் சாதாரண காசநோய்க்கே ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். இருமல் நின்றதென்று இடையில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமி வளரலாம். ஒரே அறையில் படுப்பவருக்கும் அதுவே தொற்றும்.

இந்த ஆபத்தை உணர்ந்தே 2012-இல் மருத்துவர்கள் கூடிச் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டார்கள். அதை ஒருங்கிணைத்தவர் டாக்டர் அப்துல் கஃபூர். 2014 மார்ச் முதல், எச்1 பட்டியலிலுள்ள மருந்துகளை விற்கும் கடைக்காரர் நோயாளி பெயரையும் டாக்டர் பெயரையும் பதிவேட்டில் எழுதியாக வேண்டும்.

நாம் கேட்பது நான்கே விஷயம்:

1. டாக்டர் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். சளிக்கும் ஃப்ளூ காய்ச்சலுக்கும் காரணம் வைரஸ். அதற்கு இது பயன்படாது.
2. சொன்ன அளவு, சொன்ன நாள் சாப்பிடுங்கள்.
3. மீதி மாத்திரையை யாருக்கும் கொடுக்காதீர்கள்.
4. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். காசநோய்ச் சிகிச்சை அங்கே இலவசம்.

டாக்டர் செலவுக்குக் கையில் இல்லையென்றால் தயங்காமல் அறக்கட்டளை அலுவலகத்தில் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், ஆவன செய்வோம். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அனைவருக்கும் அவன் பூரண ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன்.