ஓடும்போதே பழுது பாருங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

இன்ஜினியருக்குத் தெரிந்தது பழுது பார்ப்பது. அதைப் பற்றியே நாலு வார்த்தை சொல்கிறேன்.

குற்றாலத்தில் ஜூன் மாதம் சாரல் விழுந்தால் சீசன். ஆகஸ்ட் வரை நடக்கும் வியாபாரம்தான் பலருக்கு வருஷம் முழுதும் சோறு. அதனால் மே மாதமே கூரையைப் பார்ப்பார்கள், வயரிங்கைப் பார்ப்பார்கள், மோட்டாரைக் கழற்றி மாட்டுவார்கள். ஆனால் பில் போடும் கம்ப்யூட்டரையும் ரூம் கணக்கையும் மட்டும் யாரும் தொடுவதில்லை. கேட்டால், "நல்லாத்தானே ஓடுது, எதுக்குத் தொடணும்?" என்பார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு விடுதியில், சீசன் சமயத்து சனிக்கிழமையில் கம்ப்யூட்டர் நின்றுபோனது. தினமும் பேக்கப் எடுத்துத்தான் வைத்திருந்தார்கள். அது திறக்கிறதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அன்றைக்குத் திறக்கவில்லை! ஒரே அறையை இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, அண்ணாச்சி வாசலில் நின்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரிய கம்பெனிக்கும் இதே கதைதான். 2022 டிசம்பரில் பனிப்புயல் வந்தபோது, அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனத்தில் எந்தப் பணியாளர் எந்த விமானத்துக்கு என்று கணக்குப் போடும் பழைய மென்பொருள் திணறிப்போனது. 16,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. விமானிகள் சங்கம் முன்பே எச்சரித்திருந்த விஷயம் இது. 2023-ல் அரசு விதித்த அபராதம் 14 கோடி டாலர்.

மாறாக நடந்ததற்கு உதாரணம் நம்ம பக்கத்திலேயே இருக்கிறது. மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்கும் ஜோஹோவைத் தெரியாதவர் இங்கே இருக்க மாட்டீர்கள். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, தொலைத்தொடர்புக் கருவி தயாரிப்பவர்களுக்கு மென்பொருள் செய்து கொடுத்தார்கள். 2001-ஐ ஒட்டி அந்தத் துறையே சரிந்தது. வாடிக்கையாளர் பலரை இழந்தார்கள். அதன் பின், நிறுவனங்களின் நெட்வொர்க்கைக் கண்காணித்து, பிசகு தெரிந்ததுமே எச்சரிக்கும் மேனேஜ்இன்ஜின் வந்தது. அந்த வியாபாரம் நன்றாக நடந்துகொண்டிருந்தபோதே, 2005-ல் இணையத்தில் இயங்கும் ஜோஹோ மென்பொருள்களைத் தொடங்கினார்கள். 2009-ல் கம்பெனியின் பெயரே ஜோஹோ ஆயிற்று. முதல் மாற்றம் அடி விழுந்த பிறகு செய்தது. இரண்டாவது, அடி விழும் முன்னே செய்தது. நாம் படிக்க வேண்டியது அந்த இரண்டாவதைத்தான்.

சின்னக் கடைக்கும் இது முடியும். மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். ஒருவருக்கு மட்டுமே தெரிந்த வேலையை இன்னொருவருக்கும் சொல்லிக்கொடுத்து, நோட்டில் எழுதி வையுங்கள். சின்னக் கோளாறானாலும் தேதி போட்டுக் குறியுங்கள். ஒரே கோளாறு மூன்று தடவை வந்தால் அது எச்சரிக்கை மணி. மாற்றுவதென்றால் சீசனுக்கு முன்னே மாற்றுங்கள். ஒரு மாதம் பழசும் புதுசும் சேர்ந்து ஓடட்டும்.

தம்பி தங்கைகளே, இந்த வேலைக்குக் கைதட்டல் கிடைக்காது. தீயை அணைத்தவனுக்கு மாலை போடுவார்கள், தீப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டவனிடம், "ஒண்ணும் ஆகலையே, எதுக்கு இந்தச் செலவு?" என்பார்கள். ஒன்றும் ஆகாமல் இருந்ததுதான் நீங்கள் செய்த வேலை. அதைக் கணக்குக் காட்டிச் சொல்லவும் பழகிக்கொள்ளுங்கள்.