தாவீது போகாத விருந்து



கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கிவிட்டது. நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரியிலும் ரிக் வண்டியிலும் மாதக்கணக்கில் வெளிமாநிலம் போன நம்மவர்கள் ஊர் திரும்புகிறார்கள். வாசலில் நட்சத்திரம் ஏற்றியாயிற்று, குடிலுக்கு வைக்கோல் வாங்கியாயிற்று. ஆனால் விழா என்றாலே வயிற்றைக் கலக்குகிற சிலரும் நம் பங்குகளில் இருக்கிறார்கள். குடித்துவிட்டுக் கை ஓங்கும் அண்ணன். இலை போட்ட நேரத்தில் தோட்டத்துப் பாகப்பிரிவினையைக் கிளப்பிக் கழுத்தைப் பிடிக்கும் சித்தப்பா. விழாவுக்கு விழா சீர்க் கணக்கை எடுத்து மருமகளை அடிக்கும் வீடு. "போகாமல் இருந்தால் பாவமா, சாமி?" என்பதுதான் இவர்கள் கேட்கும் கேள்வி.

முதல் சாமுவேல் நூலைத் திறப்போம். சவுல் அரசர் தாவீதுக்கு மாமனார். மருமகன் யாழ் மீட்டிக்கொண்டிருந்தபோதே அவர்மீது ஈட்டியை எறிந்தவர், அதுவும் ஒருமுறை அல்ல. மனைவி மீக்கால் சன்னல் வழியாக இறக்கிவிட்டதால்தான் தாவீது பிழைத்தார். அதன்பின் அமாவாசை விருந்து வருகிறது. அரசரோடு பந்தியில் அமர வேண்டிய தாவீது போகவில்லை; வயல்வெளியில் ஒளிந்துகொண்டார். முதல் நாள் அவருடைய இருக்கை காலியாக இருந்தும் சவுல் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் நாள் கேட்டுவிட்டார். சவுலின் மகன் யோனத்தான் நண்பனுக்காகப் பேசினார். உடனே ஈட்டி அவரை நோக்கித் திரும்பியது. அவர் ஒன்றும் உண்ணாமல் பந்தியைவிட்டு எழுந்தார்; மறுநாள் காலையில் அம்பு எய்து, தப்பிவிடு என்று தாவீதுக்கு அடையாளம் காட்டினார். இன்றைக்கு என்றால் ஒரு மிஸ்டு கால் போதும்.

மன்னிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். எங்கேதிக் குகையில் சவுலைக் கொல்ல வாய்ப்புக் கிடைத்தும், தாவீது அவருடைய மேலங்கியின் ஓரத்தை மட்டுமே அறுத்தார். சவுல் வாய்விட்டு அழுதார். ஆனால் அந்த அதிகாரத்தின் முடிவைக் கவனியுங்கள்: சவுல் வீட்டுக்குப் போனார், தாவீது மலைக்கோட்டைக்குப் போனார். பிறகொருமுறை 'திரும்பி வா' என்று சவுல் அழைத்தபோதும், அவருடைய ஈட்டியைத் திருப்பிக் கொடுத்தாரே தவிர, கூடப் போகவில்லை.

திருஅவைச் சட்டம் 1153 இதையே சொல்கிறது. கணவனோ மனைவியோ, துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலிலோ மனதிலோ பெரும் ஆபத்து விளைவித்தால், பிரிந்து இருக்க அது நியாயமான காரணம். தாமதம் ஆபத்து என்றால் ஆயரின் ஆணைக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. இது திருமண முறிவு அல்ல, உயிரைக் காப்பது. நாட்டின் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் மனைவிக்கு மட்டுமல்ல, ஒரே வீட்டில் வாழும் தாய்க்கும் சகோதரிக்கும் உரியது. மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் உண்டு. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, எந்த அவசரத்துக்கும் 112.

போய்த்தான் ஆகவேண்டும் என்றால் பகலில் போங்கள். பாட்டில் திறக்குமுன் கிளம்புங்கள். பஸ் காசு உங்கள் கையிலேயே இருக்கட்டும், யாரிடமும் கேட்கும் நிலை வேண்டாம். எங்கே போகிறீர்கள் என்பது பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரிந்திருக்கட்டும். பிள்ளைகளை, "மாமா மடியில் உட்காரு, முத்தம் கொடு" என்று வற்புறுத்தாதீர்கள். ஒருவரைக் கண்டதும் குழந்தை ஒதுங்கினால், அடம் என்று அதட்டுமுன் தனியே கூப்பிட்டு, ஏன் என்று கேளுங்கள். இது மிக முக்கியம்.

நம்மில் பெரும்பாலோர் தாவீதும் அல்ல, சவுலும் அல்ல, பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள். "அவள் ஏன் வரவில்லை?" என்ற கேள்வி நம் காதில்தான் விழும். "நாலு பேர் முன்னால் மானம் போகிறது, ஒருநாள் பொறுத்துக்கொள்" என்று போன் போட்டு அவளை இழுத்துவர வேண்டாம். வராத தங்கைக்கு மறுநாள் நாமே கேக்கும் குழம்பும் எடுத்துப் போவோம். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீட்டுக்குப் போகப் பயந்து கோயில் படியில் நிற்கும் பெண்ணுக்கும் பிள்ளைக்கும், அன்று இரவு நம் வீட்டில் ஒரு பாய் விரித்திருக்கட்டும்.