சிறகைத் தாங்கும் காற்று

ஏறாவூர் வாவிக்கரையில் மாலை வேளையில் நிற்போர் செம்பருந்தைக் கண்டிருப்பர். சிறகை அசையாமலே நெடுநேரம் மிதந்து திரியும் அப்பறவை, மரக்கிளையை அணுகியதும் மார்பை நிமிர்த்திச் சிறகுகளை மேல்நோக்கிச் சாய்க்கின்றது. வேகம் ஒடுங்க, மெல்ல அமர்கின்றது. மட்டக்களப்பு விமான நிலையத்தில் இறங்கும் சிறு விமானமும் தரையைத் தொடுமுன் மூக்கைச் சற்றே உயர்த்துகின்றது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

சிறகு விமானத்தை எவ்வாறு தாங்குகின்றது? சிறகின் மேற்புறம் வளைந்திருப்பதால் அங்கே வழி நெடியது, ஆகவே கீழே செல்லும் காற்றோடு பின்விளிம்பில் ஒன்றுகூடும் பொருட்டு மேற்காற்று விரைகின்றது என்று சில பாடநூல்கள் கூறும். கேட்க இனிய விளக்கம்; ஆயினும் பிழையானது. பிரிந்த காற்று மீண்டும் சந்திக்கவேண்டும் என்ற நியதி இயற்கையில் இல்லை. காற்றுச் சுரங்கத்தில் புகையிழைகளை விட்டுப் பார்த்தால், மேற்காற்று கீழ்க்காற்றை முந்திச் சென்றுவிடுவதைக் காணலாம். மேலும், தலைகீழாகப் பறக்கும் விமானங்களும் உண்டல்லவா?

உண்மையில், சற்றே சாய்ந்த சிறகு காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகின்றது. கீழே தள்ளப்பட்ட காற்று, நியூட்டனின் விதிப்படி, சிறகை மேலே தள்ளுகின்றது. மேற்புறத்தை ஒட்டி வளைந்தோடும் காற்றின் வேகம் மிக, அங்கே அமுக்கம் குறைகின்றது. வேகத்துக்கும் அமுக்கத்துக்கும் உள்ள இத்தொடர்பைப் பேர்ணூலி 1738இல் எழுதினார். இவை ஒரே நிகழ்ச்சிக்கு எழுதிய இரு கணக்குகள். காற்று பாரமற்றதன்று, ஒரு கனமீற்றர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். கச்சான் வீசும் வெப்பக் காலத்தில் காற்று ஐதாவதால், விமானம் எழும்ப ஓடுபாதையில் கூடிய தூரம் ஓடவேண்டியிருக்கும்.

சாய்வு ஏறினால் தாங்குவிசையும் ஏறும். ஆனால் ஓர் எல்லை வரையில்தான். சாதாரணச் சிறகில் ஏறத்தாழ 15 பாகையைக் கடந்ததும் காற்று மேற்புறத்தை ஒட்டி ஓட இயலாமற் பிரிந்து சுழல்கின்றது. தாங்குவிசை சரிகின்றது. ஏறத்தாழ 2000 தடவை மிதந்து பறந்த ஜேர்மானியர் ஒத்தோ லிலியந்தால், 1896 ஓகஸ்து 9ஆம் நாள் இவ்வாறே விழுந்து, மறுநாள் உயிர்நீத்தார். இந்நிலையில் மூக்கைத் தாழ்த்துவதே தப்பும் வழி. விழுகையில் மேலே இழுக்கவே கை துடிக்கும். அதனை அடக்க விமானிகள் பலமுறை பழகுகின்றனர்.

செம்பருந்தோ அந்த எல்லையைத் தேடியே செல்கின்றது, கிளைக்கு மிக அருகில் வந்தபின். அப்பொழுது சிறகின் முன்விளிம்பிலே பெருவிரல் போன்ற சிறு இறகுக்கொத்து ஒன்று விரிந்து, இடைவெளி வழியே காற்றை மேற்புறத்தோடு ஒட்டச் செய்கின்றது. பெரிய விமானங்கள் இறங்கும்போது முன்விளிம்பிலிருந்து நீளும் தகடுகளும் அவ்வேலையையே செய்கின்றன.