எள்ளப்பட்டோர் நகை
(தாம்பரத்தில் நிகழ்த்திய உரை)



நகை பிறக்கும் களன்கள் நான்கனுள் எள்ளலையே முதற்கண் வைத்தார் தொல்காப்பியர். அவ் எள்ளலை இரண்டாகப் பகுத்தார் உரைகாரர் பேராசிரியர்: பிறரை இகழ்ந்து நகுவது ஒன்று, பிறரால் இகழப்பட்டவன் தானே நகுவது மற்றொன்று. இவ் இரண்டாவது நகையின் வலிவை உலகறியச் செய்தோர் யூதர். உருசியப் பேரரசில் வரையறுத்த நிலப்பகுதிக்குள்ளேயே ஒடுக்கப்பட்டு, 1881 முதல் கொலைவெறித் தாக்குதல்களுக்கும் ஆளான அம் மக்கள், தம் வறுமையையும் அச்சத்தையும் தாமே நகையாடிக் கதை கட்டினர். அவர்தம் இத்திசு மொழியைக் 'கொச்சை' என்று பழித்தோருள் யூதக் கற்றோரே பலர். (நமக்கும் பழக்கமான செய்திதான்!) அம் மொழியிலேயே எழுதிப் புகழ்பெற்ற சோலெம் அலைக்கெம், வணக்கம் கூறும் தொடரையே புனைபெயராக்கிக் கொண்டவர். அவர் மறைந்தது 1916இல். இத் தாம்பரத்தை அடுத்த பல்லாவரத்தில் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் கண்டதும் அவ் ஆண்டே.

ஆயினும், யூதர் நகையில் பெரும்பகுதி தம்மையே குத்திக்கொள்வது. கலைவாணர் என்.எசு. கிருட்டிணன் கண்ட வழி வேறு. கோபாலகிருட்டிண பாரதியாரின் நந்தனார் கதையை அடியொற்றி, அவர் 'கிந்தனார்' என்னும் கதைப்பாட்டை நிகழ்த்தினார். அறிஞர் அண்ணா எழுதி, 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்திலும் அஃது இடம்பெற்றது. நந்தன் வேண்டியது தில்லை; கிந்தன் வேண்டியது கல்வி. சாதியால் ஊரில் இழிவுற்ற அவன், தொடர்வண்டி ஏறிச் சென்னைக்கு வருகிறான். நந்தன் தீக்குளித்த பின்னரே கோயிலுள் புக முடிந்தது. கிந்தனுக்கோ, வண்டியின் பொறியில் எரிந்த தீயே போதுமாயிற்று! பயணச்சீட்டு வாங்கியவனை எக்குடியினன் என்று அவ் வண்டி கேட்பதில்லை. தெற்கிருந்து எழும்பூர் செல்லும் வண்டிகள் கடந்தது இத் தாம்பரத்தைத்தான். 1931 முதல் மின்வண்டியும் ஓடும் இவ் வழியில், ஊரில் ஒதுங்கி நடக்க வைக்கப்பட்டவர் தோளுரச நின்று வருவதைக் காணாதார் யார்?

இவ்வகை நகை பின்னர்த் திரையில் தழைக்கவில்லை. கறுத்தவரையும் பருத்தவரையும் திக்கிப் பேசுவோரையும் பழித்துக் கைதட்டல் பெறும் படங்களே பெருகின. அது பேராசிரியர் கூறிய முதல்வகை. அதற்குத் துணிவும் வேண்டா, அறிவும் வேண்டா.

கலைவாணரின் அடி வீழ்ந்த இடம் பிறிது. படித்துத் தேறிய கிந்தன், பள்ளி ஆய்வாளனாகத் தன் ஊருக்கே திரும்புகிறான். அவனை எதிர்கொள்ள வேண்டியவர் பழைய ஆசிரியர். அவையோர் நகைத்தது அவ் ஆசிரியரைப் பார்த்து, கிந்தனைப் பார்த்தன்று.